கைமாறும் இடத்தில் தொலையும் நாட்கள்: எல்லையோரத்தில் வீட்டு வேலை நடத்துவோருக்கு

குமரி மாவட்டத்தின் கேரள எல்லையோரமான மார்த்தாண்டம், குழித்துறை, களியக்காவிளை வட்டாரத்தில் 1,200 சதுர அடியில் ஒரு தளம் கட்டும் வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். சைட்டில் உண்மையிலேயே கை ஓடும் நாட்களை மட்டும் கூட்டினால் ஐந்து, ஆறு மாதம்தான் வரும். ஆனால் பால் காய்ச்ச ஒன்றரை வருடம் ஆகிவிடுகிறது. கேட்டால் மழை என்பார்கள், ஆள் இல்லை என்பார்கள், மணல் இல்லை என்பார்கள். எல்லாம் பாதி உண்மை. கம்பி கட்டி முடித்து மூன்று நாள் ஆகியும் எலக்ட்ரீசியன் பைப் போட வரவில்லை. சுவர் இடுப்பளவு எழும்பியும் ஜன்னல் நிலை ஆசாரிப் பட்டறையை விட்டுக் கிளம்பவில்லை. டைல்ஸ் போட ஆள் வந்து நிற்கிறார், குளியலறையில் தண்ணீர் தேக்கிப் பார்க்கவே இல்லை. ஒருவர் கையை விட்டு அடுத்தவர் கைக்கு வேலை மாறும் இடத்தில்தான் மாதங்கள் கரைகின்றன.

அதனால் வேலையை நடத்துகிறவர் கொத்தனார் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பதால் பெரிய லாபம் இல்லை. கொத்தனாருக்குக் கொத்து வேலை தெரியும். அவர் முடிக்கும் நாளில் அடுத்தவர் கருவியோடும் பொருளோடும் வந்து நிற்கிறாரா என்பதைக் கவனிக்கத்தான் தனியாக ஓர் ஆள் வேண்டும்.

மழையிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

குமரி மாவட்டத்துக்கு இரண்டு மழை. தென்மேற்குப் பருவமழை கேரளத்தில் தொடங்கும் இயல்பான தேதி ஜூன் 1. எல்லையோரத்தில் இருக்கும் நமக்கும் அதே கணக்குதான். வடகிழக்கு மழை அக்டோபரில் வந்து டிசம்பரில் விடும். ஜனவரியிலிருந்து மே நடு வரைதான் நிம்மதியான காலம். நாட்காட்டியை ஆரம்பத்திலிருந்து எழுதாமல், கூரை வார்ப்பை, அதாவது கூரைக்குக் கான்கிரீட் போடும் நாளை, மே 10 என்று குறித்துக்கொண்டு அங்கிருந்து பின்னால் போங்கள்.

பலகை அடித்துக் கம்பி கட்ட 12 நாள்: ஏப்ரல் 28. லிண்டிலுக்கு (கதவு, ஜன்னல் தலைக்கு மேல் வரும் கான்கிரீட் பட்டை) மேல் கூரை மட்டம் வரை சுவர் இரண்டு வாரம்: ஏப்ரல் 14. லிண்டிலும் சன்ஷேடும் (ஜன்னலுக்கு மேல் நீளும் வெயில் தடுப்பு) ஒரு வாரம்: ஏப்ரல் 7. தரையிலிருந்து லிண்டில் வரை சுவர் மூன்று வாரம்: மார்ச் 17. பேஸ்மென்ட் (வீட்டுத் தரை மட்டம் வரை எழுப்பும் அடிப்பகுதி), மண் நிரப்பல், பெல்ட் (அதன் மேல் சுற்றிவரும் கான்கிரீட் பட்டை) எல்லாம் சேர்த்து மூன்று வாரம்: பிப்ரவரி 24. வானம் (அஸ்திவாரக் குழி) தோண்டிக் கருங்கல் கட்ட மூன்று வாரம்: பிப்ரவரி 3. இத்தோடு நின்றால் கணக்கு தப்பு. இடையில் வரும் விசேஷங்களுக்கு இரண்டு வாரம் தள்ளுங்கள். ஜனவரி 20 வருகிறது. அதாவது பொங்கல் முடிந்த கையோடு மண் வெட்ட வேண்டும். அனுமதி, தற்காலிக மின் இணைப்பு, தண்ணீர் மூன்றும் டிசம்பரிலேயே கையில் இருக்க வேண்டும்.

அனுமதியில் இப்போது ஒரு சௌகரியம் உண்டு. 2,500 சதுர அடிக்குள் உள்ள மனையில் 3,500 சதுர அடிக்குள் கட்டும் வீட்டுக்குத் தமிழ்நாட்டில் 2024 ஜூலை முதல் சுயசான்று முறையில் இணையத்திலேயே உடனடி அனுமதி கிடைக்கிறது. 5 சென்ட் என்பது 2,178 சதுர அடி, அதற்குள் அடங்கும். 6 சென்ட் என்றால் 2,613, தாண்டிவிடும், வழக்கமான வழிதான். இந்த ஒரு சென்ட் வித்தியாசம் நாட்காட்டியில் வாரக்கணக்கில் தெரியும் என்பதால் பத்திரத்தில் உள்ள அளவை முதலில் பாருங்கள்.

விசேஷங்களை அரசு விடுமுறைப் பட்டியலைப் பார்த்துக் குறித்தால் ஏமாறுவீர்கள். விளவங்கோடு, கல்குளம் தாலுகாக்களில் சிவராத்திரிக்கு முந்தின நாளே பாதிப் பேர் காவி வேட்டி கட்டிச் சிவாலய ஓட்டத்துக்குப் போய்விடுவார்கள்; பன்னிரண்டு கோயிலையும் ஓடி முடித்தவர் மறுநாள் வேலைக்கு வருவார் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. மாசியில் மண்டைக்காட்டு அம்மன் கோயில் கொடை 10 நாள். புனித வெள்ளியும் ஈஸ்டரும் ஒரு வாரத்தை உடைக்கும். ஏப்ரல் நடுவில் விஷு. ஆவணியில் ஓணம்; கேரளத்தின் பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கத்திலிருந்து வரும் ஆட்கள் ஒரு வாரம் வரமாட்டார்கள். டிசம்பர் 3 கோட்டாறு சவேரியார் திருவிழா. ஆற்றுக்கால் பொங்கல் அன்று பெண் கையாட்கள் பலர் திருவனந்தபுரத்தில் இருப்பார்கள். அந்தப் பக்கம் ஹர்த்தால் (முழு அடைப்பு) என்றால் அங்கிருந்து ஆளும் வராது, லோடும் வராது. வங்காளம், ஒடிசா, அசாம் ஆட்கள் இருந்தால் அவர்கள் ஊர் பூஜையையும் பெருநாளையும் சட்டமன்றத் தேர்தலையும் குறித்து வையுங்கள். ஊருக்குப் போனால் மூன்று வாரத்துக்குக் குறையாது. முதல் நாளே ஒவ்வொரு மேஸ்திரியிடமும் "அண்ணே, உங்க ஆளுங்க எந்தெந்த நாள் வரமாட்டாங்க?" என்று கேட்டு எழுதிவிட்டால் பிறகு சண்டை இல்லை.

கூரை வார்ப்பு முடிந்துவிட்டால் ஜூன் மழை பகையாளி இல்லை. உள்பூச்சு, வயரிங், குளியலறை வேலைகளை மழைக்குள் வைத்துக்கொள்ளலாம். வெளிப்பூச்சை ஆகஸ்ட், செப்டம்பர் இடைவெளிக்குத் தள்ளுங்கள். வெளிப்பெயின்டை ஜனவரிக்கு முன்னால் அடித்தே தீருவேன் என்று அவசரப்பட்டால் சுவரில் உள்ள ஈரம் அடுத்த வருடம் பெயின்டைப் பொரி பொரியாகத் தள்ளும்.

முடிவுப் பட்டியல்

1957-இல் டூபான்ட் நிறுவனம் ரசாயன ஆலை வேலைகளுக்காக வகுத்த ஒரு கணக்கு முறை இன்றும் கட்டடத் துறையில் ஓடுகிறது. எந்த வேலை ஒரு நாள் தள்ளினால் முழுத் திட்டமும் ஒரு நாள் தள்ளும், எதற்குக் கொஞ்சம் இடம் இருக்கிறது என்று பிரித்துப் பார்ப்பது அது. வீட்டு வேலைக்குக் கணினி வேண்டாம், ஒரு நோட்டு போதும். வானம், பெல்ட், சுவர், லிண்டில், வார்ப்பு, பலகை பிரித்தல், பூச்சு, தரை: இது முதுகெலும்பு. இதில் ஒன்று தள்ளினால் எல்லாம் தள்ளும். கதவு இழைப்பது, காம்பவுண்டு, செப்டிக் டேங்க், கிணற்றுச் சுற்று போன்றவற்றுக்கு இடம் உண்டு. முதுகெலும்பு வேலையில் ஆள் குறையும்போது காம்பவுண்டு கட்டுகிறவரை இழுக்கலாம். ஊரில் நடப்பது பெரும்பாலும் தலைகீழ். கல் வந்து இறங்கிவிட்டது என்பதற்காகக் காம்பவுண்டை எழுப்புவார்கள். பெல்ட் காத்துக் கிடக்கும்.

வேலையைவிட முடிவுகள்தான் அதிகம் தாமதப்படுகின்றன. வீட்டுக்காரர் வளைகுடாவில் இருக்கும் வீடுகளில் இது இரண்டு மடங்கு. ஒவ்வொரு முடிவுக்கும் இரண்டு தேதி எழுதுங்கள்: சைட்டில் தேவைப்படும் நாள், முடிவு சொல்லக் கடைசி நாள். நடுவில் இருப்பது செய்யவும் கொண்டுவரவும் ஆகும் காலம். அயனியிலோ பலாவிலோ நிலை செய்ய ஆசாரிக்கு மூன்று நான்கு வாரம் வேண்டும். மரம் பச்சையாக இருந்தால் காயவைக்க இன்னும் கூடும். நிலை தேவைப்படுவது மார்ச் 17 என்றால் அளவு உறுதியாக வேண்டிய நாள் பிப்ரவரி 10. குளியலறைத் தளத்தைத் தாழ்த்துவதா, மாடிப்படி எந்தப் பக்கம், தண்ணீர்த் தொட்டி எந்தச் சுவர் மேல் உட்காரும், மேலே இன்னொரு தளம் வருமா, ஏசிக்கும் இன்வெர்ட்டருக்கும் எங்கே பாயின்ட் என்பதெல்லாம் கம்பி கட்டுமுன் முடிந்திருக்க வேண்டும். வார்ப்புக்கு முன் பேப்பரில் ஒரு கோடு மாற்றினால் செலவு இல்லை. வார்ப்புக்குப் பின் அதே கோட்டுக்கு டிரில் மெஷினும் ஒட்டுப்பூச்சும் கசிவும்.

துபாய் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால், சவூதி இரண்டரை. அமீரகத்தில் 2022 ஜனவரி முதல் வார விடுமுறை சனி, ஞாயிறு. சவூதியில் வெள்ளி, சனி. ஆக, சனிக்கிழமை மாலை இருவருக்கும் பொருந்தும். அந்த வாரம் முடிவாக வேண்டியவற்றை வெள்ளியன்றே படத்தோடு அனுப்பிவையுங்கள், "எப்படிச் செய்யலாம்?" என்று கேட்காமல் "அ இவ்வளவு ரூபாய், ஆ இவ்வளவு ரூபாய், சனிக்கிழமைக்குள் சொல்லாவிட்டால் அ" என்று எழுதுங்கள். இப்படி எழுதுவது மரியாதைக் குறைவாகச் சிலருக்குத் தோன்றும். பத்து நாள் காத்திருந்த பிறகு வரும் மனக்கசப்பைவிட இது எவ்வளவோ மேல்.

வார்ப்பு நாள்

திட்டமிடல் என்றால் என்ன என்று ஒருவருக்குக் கற்றுக்கொடுக்க வேண்டுமானால் வார்ப்பு நாளைக் காட்டினால் போதும். ஏழெட்டுத் தொழில்காரர்கள் ஒரே நாளில் ஒரே இடத்தில் சேர்கிறார்கள், பாதியில் நிறுத்த முடியாது, தப்பினால் இடித்துத்தான் திருத்த வேண்டும்.

முதலில் கணக்கு. 1,200 சதுர அடி, 5 அங்குலக் கனம் என்றால் 500 கன அடி, அதாவது சுமார் 14.2 கன மீட்டர். பீம்களைச் சேர்த்து 16 என்று வைத்துக்கொள்ளுங்கள். 1:1½:3 கலவையில் (சிமென்ட், மணல், ஜல்லி) ஒரு கன மீட்டருக்கு 8 மூட்டை சிமென்ட். ஆக 128 மூட்டை, சைட்டில் 135 இருக்கட்டும். எம்சாண்ட் (பாறையை உடைத்துச் செய்யும் மணல்) இரண்டரை யூனிட் (ஒரு யூனிட் 100 கன அடி), முக்கால் அங்குல ஜல்லி ஐந்து யூனிட் தேவைப்படும். சிந்தல் சிதறலுக்கு அரை அரை யூனிட் கூட்டுங்கள். எம்சாண்ட் என்ற பெயரில் வெறும் பாறைப்பொடி இறங்கியிருக்கிறதா என்று லாரி கொட்டும்போதே கையில் அள்ளிப் பாருங்கள். மாவு அதிகம் இருந்தால் தண்ணீர் கூடுதலாகக் கேட்கும், வலு குறையும். கலவைத் தண்ணீர் மூட்டைக்கு 30 லிட்டரைத் தாண்டக் கூடாது என்பது எம்20 என்ற கான்கிரீட் வலுத் தரத்துக்கு ஐஎஸ் 456 என்ற இந்திய விதிநூல் தரும் வரம்பு. 130 மூட்டைக்கு 3,900 லிட்டர். கழுவ, நனைக்க எல்லாம் சேர்த்து 6,000 லிட்டர் முந்தின இரவே தொட்டியில் நிற்க வேண்டும். காலையில் மோட்டார் போட்டுக்கொள்ளலாம் என்று இருந்தால் அன்றைக்குத்தான் கரண்ட் போகும். குளச்சல், தேங்காய்ப்பட்டணம் போன்ற கடலோரத்தில் உப்புக்காற்று நேராகப் படும் கான்கிரீட்டுக்கு எம்20 போதாது. அதே விதிநூல் எம்30 கேட்கிறது. அங்கே இந்தக் கணக்கு பொருந்தாது, பொறியாளரிடம் கலவை வாங்குங்கள்.

ஒரு மூட்டை பிடிக்கும் மிக்சர் ஒழுங்காக ஓடினால் மணிக்கு 12 முதல் 15 சுற்று. 130 சுற்றுக்குப் பத்து மணி நேரம். காலை 7 மணிக்கு முதல் சுற்று விழுந்தால் மாலை 5 மணி; 9 மணிக்குத் தொடங்கினால் இருட்டில் முடிப்பீர்கள், இருட்டில் மட்டம் தப்பும். அதிகாலையில் ரப்பர் வெட்டிவிட்டு 9:30-க்கு வரும் கையாட்கள் நம் பக்கம் உண்டு. அன்றைக்கு மட்டும் அவர்களை நம்பி மிக்சரை நிறுத்தாதீர்கள், மதியச் சுற்றுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ரெடிமிக்ஸ் என்றால் 6 கன மீட்டர் வண்டி மூன்று நடை. வண்டி வளைய இடம் இருக்கிறதா, தென்னை ஓலையும் மின்கம்பியும் பம்ப் குழாயில் தட்டுமா என்று இரண்டு நாள் முன்பே பார்க்க வேண்டும். நம் ஊர் இடவழிகளில் பாதிக்கு வண்டி நுழையாது.

ஆள் பிரிப்பில் எல்லோரும் மறக்கும் ஓர் ஆள் உண்டு: அடியில் நிற்கும் தச்சர். மேலே கொட்டக் கொட்ட எந்த முட்டு இறங்குகிறது, எந்த ஆப்பு நழுவுகிறது என்று டார்ச்சோடு பார்த்துக்கொண்டே இருக்க ஒருவர் வேண்டும். மேலே பன்னிரண்டு பேர் நின்று மூங்கில் முட்டு ஒன்று நழுவினால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை. அடுத்து, மிதிபட்ட கம்பியைத் தூக்கிக் கட்ட ஒரு கம்பி வேலைக்காரர். பைப் உடைந்தால் மாற்ற ஓர் எலக்ட்ரீசியன். இந்த மூவரும் நாள் முழுக்கச் சும்மா நிற்பதுபோலத் தெரியும், கூலி வீண் என்று வீட்டுக்காரர் முணுமுணுப்பார். கொடுங்கள். கான்கிரீட்டை அதிர்த்து இறுக்கும் வைப்ரேட்டர் இரண்டு, ஒன்று ஓட, ஒன்று சும்மா இருக்க. பெட்ரோல் கேனும் வேண்டும்.

கைமாற்றம் மிக நெருக்கமாக விழுவது இதற்கு முந்தின மூன்று நாட்களில். அடிக்கம்பி கட்டியதும் எலக்ட்ரீசியன் பைப்பும் ஃபேன் பெட்டியும் போட வேண்டும், பிளம்பர் குழாய் போகும் இடத்துக்குத் துண்டுக் குழாய் வைக்க வேண்டும், அதன் பிறகுதான் மேல்கம்பி. வரிசை மாறினால் எலக்ட்ரீசியன் மேல்கம்பியைப் பிரித்துத்தான் உள்ளே போவார், திரும்பக் கட்டமாட்டார். அதனால் கம்பி வேலைக்காரரிடம் முடிக்கும் நாளைக் கேட்காதீர்கள், அடிக்கம்பி முடியும் நேரத்தைக் கேளுங்கள். எலக்ட்ரீசியனை அந்த நேரத்துக்குக் கூப்பிடுங்கள். முந்தின நாள் மாலை 4 மணிக்கு மேஸ்திரி, கம்பிக்காரர், எலக்ட்ரீசியன், பிளம்பர் நால்வரையும் பலகை மேல் ஏற்றி ஒரு சுற்று. கூரைக்கு அடியில் 20 மில்லிமீட்டர், பீமுக்கு 25 கவர் பிளாக் (கம்பியைப் பலகையில் படாமல் தூக்கி நிறுத்தும் கட்டை) இருக்கிறதா, பீம் பெட்டிக்குள் மரத்தூளும் பீடித்துண்டும் கிடக்கிறதா, ஃபேன் கொக்கி கம்பியில் மாட்டியிருக்கிறதா, தாழ்த்தல் அளவு சரியா. பார்த்ததும் படம் எடுத்து, "நாளை 7 மணிக்குப் போடலாம்" என்று நால்வர் வாயாலும் சொல்ல வையுங்கள். ஒருவர் இழுத்தால் தள்ளிவையுங்கள்; ஒரு நாள் தள்ளுவது தொல்லைதான், ஆனால் உடைத்துத் திருத்த ஒரு மாதம் ஆகும்.

மழை வந்தால் என்ன என்பதையும் அந்தச் சுற்றிலேயே முடிவு செய்ய வேண்டும். 18-க்கு 24 அடித் தார்ப்பாய் நான்கு. நிறுத்த வேண்டி வந்தால் எங்கே நிறுத்துவது: சுவரை ஒட்டியோ பீம் ஓரத்திலோ நிறுத்தாமல் ஸ்பானின் (இரு தாங்கல்களுக்கு இடையிலான தூரம்) நடுப்பகுதியில் பலகை வைத்து நேராக வெட்டி நிறுத்த வேண்டும். எந்த இடம் என்று சாக்பீஸால் குறித்துவைத்தால் மழை கொட்டும்போது கத்திக்கொண்டிருக்க வேண்டாம்.

மறுநாள் பாத்தி கட்டி 2 அங்குலம் தண்ணீர் தேக்கினால் 1,200 சதுர அடிக்குச் சுமார் 5,600 லிட்டர் பிடிக்கும். சாதா சிமென்டுக்குக் குறைந்தது 7 நாள், இப்போது கடைகளில் அதிகம் கிடைக்கும் பிபிசி (போசோலானா கலந்த சிமென்ட்) வகைக்கு 10 நாள் ஈரம் விடாமல் இருக்க வேண்டும். யார் ஊற்றுவது? "எல்லாரும் பாத்துக்குவாங்க" என்றால் யாரும் பார்க்கமாட்டார்கள். ஒருவர் பெயர், காலை மாலை இரு நேரம், அவருக்குத் தனிக் கூலி.

பலகை பிரிப்பதில்தான் அதிகத் தகராறு. 4.5 மீட்டர் வரை ஸ்பான் உள்ள கூரைக்கு முட்டு 7 நாள், அதற்கு மேல் 14. பீமுக்கு 6 மீட்டர் வரை 14, மேலே 21 என்பது விதிநூல் சொல்லும் குறைந்தபட்சம், அதுவும் சாதா சிமென்டுக்கு. பிபிசி என்றால் கூரைக்கு 14, பீமுக்கு 21 என்று வைத்துக்கொள்வது நல்லது. முட்டும் தகடும் நாள் வாடகை என்பதால், எட்டாவது நாளே உரிமையாளர் அடுத்த சைட்டுக்குக் கேட்பார். வாடகையை முதலிலேயே 21 நாளுக்குச் சேர்த்துப் பேசிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

ஆட்களைக் கட்டிவைப்பது

எல்லையோரத்து மேஸ்திரிக்கு எப்போதும் இரண்டு கதவு திறந்திருக்கும். ரிசர்வ் வங்கியின் மாநிலப் புள்ளிவிவரக் கையேட்டில் 2022-23-க்குக் கேரளக் கிராமப்புறக் கட்டுமானத் தொழிலாளியின் சராசரி நாள் கூலி 850 ரூபாயைத் தாண்டியது; தமிழ்நாட்டுக்கு 500 ரூபாயை ஒட்டி. களியக்காவிளையிலிருந்து பாறசாலைக்கு பஸ்ஸில் கொஞ்ச தூரம். அங்கே ஒரு சைட்டில் பத்து நாள் வேலை என்று யாராவது "சேட்டா, ஒரு கை சகாயம்" என்று கூப்பிட்டால் போய்விடுவார், திட்டிப் பயனில்லை. அவரைப் பிடித்துவைப்பது கூலி மட்டும் இல்லை; காலையில் வந்தால் வேலை இருக்கும் என்ற உறுதி. செங்கல் வராமல் ஒரு நாள் திரும்பிப் போனால் மறுநாள் அந்தப் பக்கம் போவார், மறுவாரம்தான் திரும்புவார். ஆகவே மூன்று நாளுக்கான பொருள் எப்போதும் சைட்டில் இருக்கட்டும். சிமென்ட் மட்டும் விதிவிலக்கு: நம் ஈரக்காற்றில் மாதக்கணக்கில் அடுக்கிவைக்கக் கூடாது, தரையிலிருந்து உயர்த்தி, 10 மூட்டைக்கு மேல் அடுக்காமல், முதலில் வந்ததை முதலில் எடுங்கள்.

சனிக்கிழமைக் கூலியை ஞாயிறுக்குத் தள்ளாதீர்கள். ஐந்து மணிக்குக் கொடுக்க வேண்டியதை எட்டு மணிக்குக் கொடுத்தாலும் பேச்சு பரவும். லேபர் காண்ட்ராக்ட் (கூலிக்கு மட்டும் ஒப்பந்தம்) என்றால் கட்டம் கட்டமாகப் பணம்: தொடக்கம் 10 சதவீதம், பேஸ்மென்ட் முடிந்து 15, லிண்டில் 15, வார்ப்பு 25, பூச்சு 20, தரை 10, கடைசி 5. பணம் வேலைக்கு முன்னால் ஓடினால் மேஸ்திரி அடுத்த சைட்டுக்குப் போவார். வேலைக்குப் பின்னால் தங்கினால் அவர் கையாட்களுக்குக் கடன் வாங்கிக் கொடுத்துக்கொண்டிருப்பார், அப்போதும் போவார்.

ஆள் கூட்டினால் வேகம் கூடும் என்பதற்கு எல்லை உண்டு. செங்கல் சுவரை ஒரே நாளில் 1.5 மீட்டருக்கு மேல் எழுப்பக் கூடாது. அடிச்சாந்து இறுகுமுன் மேலே பாரம் ஏறினால் சுவர் தூக்கு விலகும். நான்கு கொத்தனார் இருந்தாலும் அதே உயரம்தான். அதிகப்படியான இருவரை வேறு சுவருக்கு அனுப்ப இடமில்லை என்றால் அவர்கள் கூலி வீண். புதிதாக வந்தவருக்குச் சொல்லிக்கொடுக்கப் பழைய கொத்தனாரின் கை நிற்பது தனி.

சொல்வது போய்ச் சேருவதில் ஒரு பெரிய வில்லங்கம் அளவு. வரைபடம் மில்லிமீட்டரில் இருக்கும், கொத்தனார் கையில் அடி அங்குல டேப். 2,100 மில்லிமீட்டர் கதவுயரத்தை எல்லோரும் "ஏழடி" என்பார்கள். ஏழடி என்பது 2,134. ஆசாரி ஏழடிக்கு நிலை செய்து, கொத்தனார் 2,100-க்கு லிண்டில் போட்டால் 34 மில்லிமீட்டர் இடிக்கும். யாருடைய தப்பும் இல்லை, ஆனால் நிலையை அறுக்க வேண்டும். சைட்டுக்கு ஒரே அளவு என்று முடிவு செய்து, முக்கியமான இருபது அளவுகளைப் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள். இந்தி மட்டும் தெரிந்த ஆட்களுக்கும் எண் புரியும்.

"புரிஞ்சுதா?" என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள். "நீங்க இப்ப என்ன செய்யப் போறீங்க, சொல்லுங்கண்ணே" என்று கேளுங்கள். பாதித் தப்பு அங்கேயே வெளியே வரும். பூச்சுக்கும் டைல்ஸுக்கும் வார்த்தையே வேண்டாம். ஒரு மூலையில் நாலடிக்கு நாலடி செய்ய வைத்து, வீட்டுக்காரர் பார்த்து ஒத்துக்கொண்டதும் அதை மாதிரியாக விட்டுவிடுங்கள். பிறகு தகராறு வந்தால் அந்தச் சதுரத்துக்கு முன்னால் நின்று பேசினால் போதும். கையாட்களுக்கு முன்னால் மேஸ்திரியைக் குறை சொல்லாதீர்கள். தனியே அழைத்துச் சொல்லலாம். அவர் பேச்சை ஆட்கள் கேட்காமல் போனால் நீங்கள் இருபது பேரைத் தனித்தனியே மேய்க்க வேண்டும்.

வாரத் திட்டத்துக்கு 1990-களில் கிளென் பல்லார்ட் என்பவர் கட்டடத் துறைக்காக வகுத்த முறை நம் சைட்டுக்கும் அப்படியே பொருந்துகிறது. அடுத்த வார வேலையை மேலே இருப்பவர் எழுதித் தரக் கூடாது, செய்கிறவரே வாக்குக் கொடுக்க வேண்டும். பொருள், ஆள், முந்தின வேலை, முடிவு எல்லாம் தயாராக இருக்கும் வேலைக்கு மட்டுமே வாக்கு. சனிக்கிழமைக் கூலி கொடுக்கும்போது பத்து நிமிடம்: போன வாரம் சொன்ன பத்தில் எத்தனை முழுசாக முடிந்தது, முடியாததற்குக் காரணம் என்ன. "முக்கால்வாசி ஆச்சு" என்பதை முடியாததாகவே எழுதுங்கள், ஏனென்றால் முக்கால்வாசி முடிந்த சுவரில் அடுத்தவர் கை வைக்க முடியாது. காரணங்களை நான்கு வாரம் எழுதிப் பார்த்தால் ஒன்றே திரும்பத் திரும்ப வரும். பெரும்பாலும் அது மேஸ்திரியின் காரணமாக இருக்காது. வீட்டுக்காரர் சொல்லாத முடிவாகவோ நாம் சொல்லிவைக்காத லோடாகவோ இருக்கும்.

மாற்றங்களுக்கு ஒரு நோட்டு. தேதி, என்ன மாற்றம், எத்தனை நாள் கூடும், எவ்வளவு ரூபாய் கூடும். வீட்டுக்காரர் வாட்ஸ்அப்பில் "ஓகே" என்று போட்ட பிறகே கை வைக்க வேண்டும். ரூபாயை எல்லோரும் எழுதுகிறார்கள், நாளை எழுதுவதில்லை. ஒவ்வொன்றும் இரண்டு நாள்தானே என்று ஏழு மாற்றம் சேர்ந்தால் மே 10 வார்ப்பு மே 24-க்குப் போய் மழையில் விழும். வாட்ஸ்அப் குழு இரண்டு இருக்கட்டும்: ஒன்றில் அன்றாடப் படம், இன்னொன்றில் முடிவுகள் மட்டும். காலை வணக்கப் பூக்களுக்கு நடுவே மாடிப்படி அளவைத் தேடுவது பெரிய தண்டனை.

ஒப்படைக்கும் வாரத்தில் வீட்டுக்காரரோடு அறை அறையாக நடந்து குறைகளை ஒரே பட்டியலாக எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயரும் ஒரு தேதியும். பிறகு தோன்றுவதைத் தினம் ஒன்றாகச் சொன்னால் பெயின்டர் வரவே மாட்டார். குளியலறைகளில் டைல்ஸுக்கு முன்னால் 48 மணி நேரம் தண்ணீர் தேக்கிப் பார்த்த தேதியும் படமும் அந்த நோட்டில் இருக்க வேண்டும். ஒரு வருடம் கழித்துக் கசிந்தால் பிளம்பரா, டைல்ஸ்காரரா, கொத்தனாரா என்ற கேள்விக்கு வேறு பதில் கிடையாது. நிறுத்திவைத்த 5 சதவீதத்துக்கும் ஒரு தேதி போடுங்கள். ஜனவரியில் ஒப்படைத்தால் ஜூலைக் கடைசிச் சனிக்கிழமை சரியாக இருக்கும். அதற்குள் தென்மேற்கு மழை இரண்டு மாதம் கூரையையும் சன்ஷேடையும் நனைத்துப் பார்த்திருக்கும். ஈரம் இல்லை என்றால் மேஸ்திரி கேட்குமுன் கொடுத்துவிடுங்கள்.